காம்பஸ் இல்லாத வகுப்பு

அவிநாசி,
8.7.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவது என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேர்வாடல் நோயால் தென்னைகளை வெட்டும்படி ஆகிவிட்டது என்று படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. வாய்க்கால் ஓரத்து வரிசைக்கு நானும் உன்னோடு குழி எடுத்தவன். இங்கே காற்று இப்போதே ஆடி மாதிரி அடிக்கிறது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பஸ் ஏறி இறங்க முடிகிறவரை கவலையில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "தங்கச்சி கழுத்தில் இருந்ததை அறுத்துக்கொண்டு போனவன் மாதிரி ஆட்களுக்கா வாரம் இரண்டு நாள் போய்க் கணக்குச் சொல்லித் தருகிறாய்? அப்படி அறுத்தவர்களில் ஒருத்தனுக்குப் பதினேழு வயசாம், மூணு வருஷத்துக்கு மேல் வைக்க மாட்டார்களாம்" என்று எழுதியிருந்தாய். தங்கச்சி ஸ்கூட்டரோடு விழுந்து தோளில் தையல் போட்டுக் கிடந்ததை நானும் பார்த்தேன். இன்னும் அவள் தனியாக வண்டி எடுப்பதில்லை என்பதும் தெரியும். அந்தப் பையன்களை அவள் மன்னிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல நான் யார்?

ஆனால் அந்த மூன்று வருஷக் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் ஒரு பையனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால் அதிகபட்சம் மூன்று வருஷம். பதினாறு வயது முடிந்தவன் மேல் கொடுங்குற்றம் இருந்தால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ உள்ள குற்றமென்றால், குழுமம் முதலில் அதைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்ததா, செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்ததா என்பதையெல்லாம் ஆராய வேண்டும். அதற்குப் பிறகு பெரியவர்களைப் போல விசாரிக்கச் சொல்லிக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கும் அனுப்பலாம். ஆக, எல்லோரையும் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற சட்டம் இது என்று நினைக்காதே. அதே சமயம், மூன்று வருஷமோ மூன்று மாசமோ, அந்தப் பையன் வெளியே வரத்தான் போகிறான். நம் பஸ்ஸில்தான் ஏறப்போகிறான். வரும்போது அவன் கையில் என்ன இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நான் போகிற இடம் கூர்நோக்கு இல்லம். பையன்கள் 'ஹோம்' என்பார்கள், குழுமத்தை 'போர்டு' என்பார்கள். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் போர்டு; அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை பையன்களை வைத்திருக்கும் இடம் ஹோம். நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் பெயில் வரும்.

இதில்தான் வாத்தியாருக்குச் சிக்கல். செவ்வாய்க்கிழமை பின்னம் ஆரம்பித்தேன் என்றால் வெள்ளிக்கிழமை பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், புதிதாக நான்கு முகம் உட்கார்ந்திருக்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் போர்ஷன் முடித்துப் பழகிய எனக்கு இது பிடிபடவே ஆறு மாதம் ஆனது. இப்போதெல்லாம் அன்றைக்கு ஆரம்பிப்பதை அன்றைக்கே முடிக்கிறேன். ஒரு பையன் ஒரே ஒரு வகுப்புக்கு வந்தாலும் ஒரு விஷயமாவது முழுசாக அவனோடு போக வேண்டும்.

உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே மாதிரி இல்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் இருப்பான். அடிதடி, கஞ்சா, மாத்திரை என்று வந்தவர்கள் இருப்பார்கள். பதினாறு வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டுப் போய் போக்சோவில் வந்த பதினேழு வயதுக்காரன் இருப்பான். பெற்றோர் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் பேசுவது பாதிதான் விளங்கும். எண்களை வைத்துச் சமாளிக்கிறேன், ஆனால் எழுத்துச் சொல்லித்தர அவர்கள் பாஷை தெரிந்த ஒருவர் வேண்டும். இதுவரை யாரும் கிடைக்கவில்லை. உனக்குத் தெரிந்த ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார்.

நான் போன புதிதில் எல்லோரும் வந்து இவர்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சொன்னேன். பையன்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் எதுவும் காதில் ஏறியிருக்காது. ஒருநாள் அறிவுரையை விட்டுவிட்டு, "பீஸுக்கு 65 பைசா, ஒரு ஷிப்டில் 900 பீஸ், எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். மூலையில் இருந்த ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஐநூத்தி எம்பத்தஞ்சு" என்றான். ஏழாம் வகுப்பில் தசமப் பெருக்கல் வராது என்று வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவனாம் அவன்! பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு, அதாவது தையல்காரருக்கு உதவியாளாகப் போன இடத்தில் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். தனக்குக் கணக்கு வரும் என்று யாரும் சொல்லாததால் வராது என்றே நம்பிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து என் வகுப்பு பீஸ் ரேட்டிலும் டஜனிலும் இஞ்ச் டேப்பிலும்தான் ஆரம்பிக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் உனக்கு ஞாபகமிருக்காது. செய்முறை வடிவியல் ஒரு எட்டு மார்க், வரைபடம் ஒரு எட்டு மார்க். 35 எடுத்தால் பாஸ் என்கிறபோது இந்த 16 எவ்வளவு பெரிசு என்று பார். மெதுவாகப் படிக்கிற பிள்ளையை நாங்கள் இதை வைத்துத்தான் கரையேற்றுவோம். ஆனால் ஹோமுக்குள் காம்பஸ் கொண்டுபோக முடியாது. முனை கூராக இருப்பதால் வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்கள் பயமும் நியாயமானது, ராத்திரி ஏதாவது நடந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் அட்டைத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் ஒரு பென்சிலை ஊன்றி மற்றதில் இன்னொரு பென்சிலை வைத்து வட்டம் போட்டோம். வட்டம் வந்துவிடும், ஆனால் தொடுகோடு வரையும்போது ஆரம் மாறி மாறி எல்லாம் கோணலாகிவிடும். பிறகு கண்காணிப்பாளரிடம் பேசி, ஆறு காம்பஸை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என்று ஏற்பாடானது. நோட்டில் கையெழுத்து நான்தான் போடுகிறேன். இத்தனை நாளில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

இப்போது ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எழுத மாட்டேன். இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக்கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். கடிதத்துக்கு அது பொருந்துமோ என்னவோ, எனக்கு அது பழக்கமாகிவிட்டது. உனக்கு இவ்வளவு எழுதுவதும் அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது அவன் எட்டாம் வகுப்பு. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அப்பா கூட இல்லை. திறந்த பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு நாள் போய்விட்டு நின்றுவிட்டான். 2022-இல் கூட்டாளிகளோடு ஒரு கடையின் ஷட்டரை நெம்பி செல்போன்களை எடுத்த வழக்கில் வந்தான். பதினாறு வயது. இரண்டு மாதம் என்னிடம் படித்தான். பெயில் வந்த அன்று, "சார், மிச்சத்த எங்க படிக்கறதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கேள்விக்கு ஏற்பாடாக யாரிடமும் பதில் இல்லை, மாப்பிள்ளை. உள்ளே இருக்கும்வரை சோறு, துணி, டாக்டர், வாத்தியார் எல்லாம் உண்டு. கேட்டைத் தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ். பதினெட்டு முடிந்து இல்லத்தைவிட்டு வருபவர்களுக்கு இருபத்தொன்று வரை பின்னுதவி உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. நடுவில் பெயிலில் வருகிற பதினாறு வயதுக்காரனுக்கு அம்மாவும் நன்னடத்தை அலுவலரும்தான். அந்த அலுவலருக்கோ கையில் அத்தனை வழக்குகள். அவன் படித்த பள்ளிக்கு நான் கூடவே போனேன். ஒன்பதிலிருந்தே திரும்பச் சேர்க்கச் சொன்னேன். மற்ற பெற்றோர் பிரச்சினை செய்வார்கள் என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தலைமையாசிரியர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. 1996-இல் என் வகுப்புப் பையன் ஒருவன் ஆய்வகத்துப் பித்தளை எடைக்கற்களைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டான். போலீஸைக் கூப்பிட்டோம். அவர்கள் அவனை எங்கள் முன்னாலேயே அடித்தார்கள். மறுநாள் பெயரை எடுத்தோம். வகுப்பாசிரியர் என்று கையெழுத்துப் போட்டது நான். பிறகு அவனை நான் எங்கேயும் பார்க்கவே இல்லை. உயிரோடு இருந்தால் இப்போது நாற்பது தாண்டியிருக்கும். நான் ஹோமுக்குப் போவதற்கு வேறு காரணம் ஏதாவது நீ நினைத்திருந்தால், இதுதான் காரணம்.

சரி, அந்தப் பையன் விஷயம். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைப்பது என்று முடிவு செய்தோம். எழுதுவதைவிடப் பதிவதுதான் பெரும்பாடு. சேவை மையத்தில் விண்ணப்பம், பிறகு அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இடையில் போர்டுக்கு வரச்சொன்ன தேதிகள் வேறு. செய்முறை வகுப்பும் போர்டு தேதியும் ஒரே நாளில் வந்தபோது நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், தேதியை மாற்றித் தந்தார்கள். மாலை ஷிப்டு முடித்துவிட்டு அவன் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் திண்ணையில் உட்காருவான். உன் அக்கா முதல் மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் மாதம் அவளாகவே தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

2023-இல் பாஸ் பண்ணினான். கணக்கில் 51. வடிவியலில் எட்டுக்கு எட்டு வாங்கியிருப்பான் என்று நான் உறுதியாகச் சொல்வேன், அந்தத் தொடுகோட்டை அவன் நூறு தடவை போட்டிருக்கிறான். பிறகு அரசு ஐடிஐயில் டர்னர் பிரிவில், அதாவது லேத்துக் கடைசல் வேலை படிக்க, இடம் கிடைத்தது. இரண்டு வருஷம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. இந்த மாதத்தோடு தேர்வு முடிகிறது. வயது பத்தொன்பது. வழக்கிலும் போர்டு அவனை நன்னடத்தையில் விட்டு, அதுவும் முடிந்துபோனது. அப்படி முடிந்த வழக்கு ஒருவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது என்றும், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் 24-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விதிவிலக்கு. அதனால் அவன் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நான் அவனிடம் அப்படித்தான் சொன்னேன். அதற்கு அவன், "நீங்களே சொல்லிருங்க சார். அப்பறம் வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா இன்னும் கேவலமாப் போயிருமுங்க" என்றான்.

நான் எதற்கு அடி போடுகிறேன் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். கோவை கணபதியில் பெரியவனுடைய பட்டறையில் லேத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்று சித்திரையில் வந்தபோது சொன்னாய். இவனுக்கு அங்கே ஒரு இடம் வேண்டும். சம்பளம் எல்லோருக்கும் கொடுப்பதைக் கொடுத்தால் போதும், எனக்காக ஒரு ரூபாய் கூட்ட வேண்டாம். அளவு எடுப்பதில் கை சுத்தம், வெர்னியர் நன்றாகப் பார்ப்பான். பேச்சு கொஞ்சம் கம்மி. சத்தம் போட்டுத் திட்டினால் முகம் இறுகிப்போய் அன்று முழுக்கப் பேசமாட்டான், அதை மட்டும் பெரியவனிடம் சொல்லி வை. விஷயம் உனக்கும் பெரியவனுக்கும் தங்கச்சிக்கும் தெரிந்தால் போதும், பட்டறையில் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

இந்தக் கடிதத்தை முதலில் தங்கச்சியிடம் படித்துக் காட்டு. அவளைக் கேட்காமல் எதுவும் சொல்லிவிடாதே. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நான் வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறேன். அதற்காக உங்கள் மேல் ஒரு குறையும் நினைக்க மாட்டேன். சரி என்றாலும் அவசரமில்லை. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்பாள், ஆவணி பிறந்து அனுப்புகிறேன். சாப்பாடு அம்மா கட்டிக் கொடுத்துவிடுவாராம். திருப்பூரில் ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் எட்டுக்குள் கணபதி வந்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவனே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்