ரீஸ்டார்ட் செய்தாயா?

அன்புள்ள கார்த்திக்கு,

ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் அலுத்துக்கொண்டாய். ஆன்டிவைரஸ் போட்டாச்சு, இனி என்ன என்றும் கேட்டாய். பாலிடெக்னிக் லேபை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பிரவுசரை முதலில் கவனி. முன்பின் தெரியாத யாரோ எழுதிய புரோகிராமை நம்மைக் கேட்காமலே நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

2023 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள். வெப்பி என்ற பட வகை உனக்குத் தெரியும். அதைத் திறந்து காட்ட லிப்வெப்பி என்று கூகுளின் லைப்ரரி ஒன்று இருக்கிறது, பல புரோகிராம்கள் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் கோடு. சுருக்கி வைத்த படத்தை விரிக்க அது ஹஃப்மேன் அட்டவணைகளை, அதாவது சுருக்கக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லும் பட்டியல்களை, கட்டும். அட்டவணை இவ்வளவுதான் வரும் என்று மெமரியில் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடும். ஒழுங்கான படத்துக்கு அந்தக் கணக்கு சரி. வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் வந்தால், அட்டவணை ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து மெமரியிலும் எழுதிவிடும். உள்ளே நுழைய அது போதும். எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம், பக்கத்தில் அந்தப் படம் இருந்தாலே ஆபத்து. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் உளவு மென்பொருள்களை ஆராயும் டொரன்டோவின் சிட்டிசன் லேபும் இதைச் சொன்னபோது, யாரோ இந்த ஓட்டையை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 11 அன்று குரோமுக்குத் திருத்தம் வந்தது, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸுக்கு. வேகத்தில் குறை சொல்ல முடியாது. எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். முதல் அறிவிப்பில் இதைக் குரோமின் கோளாறு என்றே எழுதியிருந்தார்கள். அதே லைப்ரரி தண்டர்பேர்டு என்ற மெயில் சாஃப்ட்வேரிலும் இருந்தது. ஸ்லாக், டிஸ்கார்டு மாதிரி எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் செய்த ஆப் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு குரோமியத்தை, அதாவது குரோமின் அடிப்படைக் கோடை, சுமந்துகொண்டு திரிகிறது. குரோமை அப்டேட் செய்தால் அவை அப்டேட் ஆகாது. அப்டேட் செய்ய வேண்டியவற்றை நீ லிஸ்ட் எடுக்கும்போது அவற்றையும் சேர்.

அப்புறம், அப்டேட் இறங்கியதோடு வேலை முடியவில்லை. மூடித் திறக்கிற வரை ஓடுவது பழைய குரோம்தான். ஏகப்பட்ட டேபைத் திறந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மூடாத ஆள் உங்கள் அக்கவுண்ட்ஸில் கட்டாயம் இருப்பார். அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்காதே. இத்தனை மணி நேரத்துக்குள் ரீலாஞ்ச் ஆகியே தீர வேண்டும் என்று குரோமின் நிர்வாக பாலிசியில் வைக்கலாம். வைத்துவிடு. திட்டுவார்கள், திட்டட்டும்.

சாண்ட்பாக்ஸ் இருக்கிறதே என்பாய். நல்ல ஏற்பாடுதான். பக்கங்களைக் கூண்டுக்குள் அடைத்து ஓட்டுவதால், வருகிறவனுக்கு ஓர் ஓட்டை போதாது, கூண்டை உடைக்க இன்னொன்றும் வேண்டும். 2018-இல் ஸ்பெக்டர் என்ற, மெமரியை வேவு பார்க்கவிடும் பிராசசர் ஓட்டை வெளிவந்த பிறகு, குரோமில் ஒவ்வொரு தளத்தையும் தனியாக ஓடும் பிராசஸாகவே பிரித்துவிட்டார்கள். ஆனால் இரண்டு ஓட்டைகளைக் கோர்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஏதோ பழைய சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று சாண்ட்பாக்ஸை அணைத்து யாராவது ஷார்ட்கட் வைத்திருந்தால் அழித்துவிடு. தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களையும் தூக்கு.

பில்லிங் மெஷினில் இன்னும் விண்டோஸ் 7 என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. குரோம் 109-க்கு மேல் அதில் ஏறாது. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோதே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டார்கள். பில் போட மட்டும்தான் என்றால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடு. மெயிலும் அதில்தான் பார்க்கிறார்கள் என்றால், புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி முதலாளி மேஜையில் வை. வாய்ப்பேச்சில் கேட்டால் அடுத்த மாதம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த லிஸ்டைக் கையில் வைத்துக்கொள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா