வீட்டை ஒப்படைக்கும் முன்

அன்புள்ள கார்த்தி,

ஜூன் கடைசியில் பள்ளிக்கரணை வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். புனே வேலை கிடைத்ததில் அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவர் குரலிலேயே தெரிந்திருக்கும். அதையெல்லாம் நீ வந்ததும் பேசலாம். இந்தக் கடிதம் அந்த வீட்டைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதைப் பற்றி மட்டும்தான். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. எழுத்தில் இருந்தால் நீங்கள் நண்பர்கள் மூன்று பேரும் படித்துவிட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

நம் மாடிப் போர்ஷனை இத்தனை வருடமாக வாடகைக்கு விட்டுவருகிறேன். காலியான வீட்டுக்குள் நுழையும் வீட்டுக்காரரின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஹாலையும் பெட்ரூமையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நேராக சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்ப்பார். அப்புறம் பாத்ரூம், கடைசியில் பரண். இந்த மூன்று இடமும் சுத்தமாக இருந்தால் மற்ற இடங்களை அவ்வளவாகத் துருவ மாட்டார்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள். நீங்கள் புழங்கியதில் சேர்ந்த அழுக்கு வேறு, வருடம் ஆனதால் வீடு மங்கியிருப்பது வேறு. அழுக்கை ஒரு பொட்டு விடாமல் எடுத்துவிட வேண்டும். மங்கலுக்காக நீங்கள் கவலைப்படவும் வேண்டாம், காசு கொடுக்கவும் வேண்டாம். வாடகைக்கு விடுகிற நானே இதைச் சொல்கிறேன். மாடியில் சுவரின் நிறம் வெளிறிப்போனதற்காக யாருடைய அட்வான்ஸிலும் நான் கை வைத்ததில்லை. மூன்று வருட வெயிலும் காற்றும் அவர்கள் கொண்டுவந்ததா?

சாமான் எல்லாம் போன பிறகு ஒரு முழுப் பகலைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்கு. வண்டி ஏற்றுகிற அன்றே சாவியையும் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதே. பீரோவை நகர்த்தினால்தான் பின்னால் இருப்பது தெரியும். ஆனால் வண்டி வருகிறவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் கட்டி ஏற்றிவிடுவார்கள். விளக்குமாறு, மாப், ஒரு வாளி, பழைய துணி, ஸ்டூல், ஒரு பல்பு, குடிக்கத் தண்ணீர், இவற்றைப் பால்கனியில் தனியாக வைத்து, தொடக்கூடாது என்று சொல்லிவை. ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, கதவைத் திறந்து காயவிட வேண்டும். நிற்க வைத்தேதான் ஏற்ற வேண்டும். புது இடத்தில் இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். அதை எடுத்துப்போகிற உன் நண்பனிடம் இதைச் சொல்லிவிடு.

எப்போதும் மேலிருந்து கீழே வா. பரண், ஒட்டடை, ஃபேன், ஜன்னல், கடைசியில் தரை. ஃபேன் இறக்கைக்கு ஒரு பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், தலையில் கொட்டாது. சுவிட்ச் போர்டைத் துடைக்கும்போது மெயினை அணைத்துவிடு. ஈரத்துணி வேண்டாம்.

சமையலறைதான் அதிக நேரம் எடுக்கும். நீங்கள் மூன்று பேரும் தாளித்த எண்ணெய்ப் புகை எல்லாம் அடுப்புக்கு மேலே இருக்கும் டைல்ஸிலும் எக்ஸாஸ்ட் ஃபேனிலும் அலமாரியின் தலையிலும் போய் உட்கார்ந்திருக்கும். தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஆகியிருக்கும். வறண்ட துணியால் தேய்த்தால் கைதான் வலிக்கும். நல்ல சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் கொஞ்சம் சமையல் சோடாவும் கலந்து, துணியை நனைத்து அதன் மேல் ஒட்டி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். கால் மணி நேரத்தில் இளகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடு. சிங்க்குக்கு அடியில் வைத்திருக்கும் பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து, குழாய் ஒழுகுகிறதா என்றும் பார். ஒழுகினால் அப்போதே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடு.

பாத்ரூமில் உங்களுக்கு இருக்கும் பெரிய தொல்லை உப்புக்கறை. அந்தப் பக்கத்து போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குழாய்களை வெள்ளையாக்கிவிடும், நான் வந்தபோதே பார்த்தேன். கடையில் ஆசிட் வாங்கி ஊற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள், கேட்காதே. கறை போகும், கூடவே குழாயின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் போகும். அப்படிப் போனது நீங்கள் செய்த சேதம் ஆகிவிடும், அதற்கு ஓனர் பிடித்துக்கொண்டால் நியாயம் பேச முடியாது. உப்புக்கறை பெரும்பாலும் சுண்ணாம்புதான். எலுமிச்சைச் சாறுக்கோ வினிகருக்கோ கரையும். துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய். தரை மொசைக்காக இருந்தால் மட்டும் அதன் மேல் வினிகர் படக்கூடாது, மொசைக்கில் இருக்கும் சலவைக்கல் துண்டுகள் அரித்துவிடும்.

இதைக் கட்டாயம் மூன்று பேரும் படியுங்கள்: டாய்லெட் கழுவும் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே கூடாது. வினிகரோடும் பிளீச்சிங் பவுடர் ஆகாது. குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்னக் கதவடைத்த அறையில் மூச்சை அடைத்துவிடும். ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, இன்னொன்றை அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தே வை. பால்கனியில் புறா எச்சம் இருந்தால் காய்ந்தபடியே பெருக்காதே, முகத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர் தெளித்து ஊறவிட்டு எடு.

சுவருக்கு வருகிறேன். உன் கட்டிலின் தலைமாட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு வட்டமாக இருக்கும், நம் வீட்டிலும் நீ அப்படித்தானே வைத்திருந்தாய். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடாதே. முதலில் கதவுக்குப் பின்னால் ஓரமாக ஒரு இடத்தில் துடைத்துப் பார். துணியில் நிறம் ஒட்டினால் அது டிஸ்டம்பர், ஈரம் பட்டால் இன்னும் அசிங்கமாகும். ஒட்டாவிட்டால் சோப்புத் தண்ணீரால் மெதுவாகத் துடைக்கலாம். போகாத பிசுக்கை விட்டுவிட்டு, இது எங்களால் ஆனது என்று நீயே ஓனரிடம் காட்டிவிடு. அவராகக் கண்டுபிடிப்பதற்கும் நீ சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஆணி அடித்த ஓட்டைகளுக்கு ஹார்ட்வேர் கடையில் புட்டி வாங்கி அடைத்துவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படி. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன்படிதான் போக வேண்டியிருக்கும். எழுதவில்லை என்றால் தைரியமாகப் பேசு. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை ரிப்பேர்தான் குடியிருப்பவர் பொறுப்பு. இயல்பான தேய்மானத்தையும் சட்டம் குடியிருப்பவர் தலையில் கட்டவில்லை. அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஓனர் வயதில் பெரியவர், "சார், கணக்கை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேள், போதும்.

சுத்தம் செய்து முடித்ததும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துவை. ஈபி மீட்டரையும் போட்டோ எடு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே ரீடிங் எடுக்கிறார்கள், நடுவில் காலி செய்வதால் அன்றைய எண் இல்லாவிட்டால் கணக்கில் தகராறு வரும். கேஸ் இணைப்பு உன் பெயரில்தானே இருக்கிறது? சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் வவுச்சரையும் வாங்கிக்கொள். புனேயில் அது தேவைப்படும்.

இவ்வளவும் அட்வான்ஸுக்காக மட்டும் சொல்லவில்லை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் உங்கள் ஓனர் ஜூலை முதல் வாரத்திலேயே அடுத்தவர்களைக் குடிவைக்கப் பார்ப்பார். நடுவில் ஆள் விட்டுக் கழுவ அவருக்கு நேரம் இருக்காது. யாரோ ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அந்த அடுப்பு மேடையில்தான் பால் காய்ச்சப் போகிறாள். நம் மாடியில் இருந்த டீச்சரம்மா காலி செய்தபோது, எந்த சுவிட்ச் எதற்கு, மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், தண்ணீர் கேன் போடுகிறவர் நம்பர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர்கள் என்னை ஒரு வாரத்துக்கு எதற்கும் கூப்பிடவில்லை. நீங்களும் அப்படி ஒன்று எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.

சாவி எத்தனை வாங்கினீர்களோ அத்தனையும் எண்ணிக் கொடு. மூன்றாவது சாவி உன் ஆபீஸ் பையில் கிடக்கும், இப்போதே எடுத்து வை. ஒப்படைத்ததற்கு ஓனரிடம் ஒரு வரி வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள். அன்று ராத்திரி காலி வீட்டில் தரையில் படுக்காதே, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருச்சிக்கு விடிய விடிய பஸ் இருக்கிறது. எந்த பஸ் என்று அப்பாவுக்குச் சொல்லிவிடு, ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா