அட்டையில் சிரிக்கும் பெண்ணுக்கும் உரிமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடலிங் துறைக்கு வர விரும்பும் பெண்களுக்காகத் தங்கள் மகளிர் பக்கத்தில் வெளியான ஆலோசனைகளைப் படித்தேன். நடை, சருமப் பராமரிப்பு, உணவுக் கட்டுப்பாடு, வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோ என எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பெண்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

நான் மேடையில் நடக்கும் மாடல் அல்ல. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நைட்டி, சுடிதார், உள்பாவாடை தயாரிக்கிறவர்களுக்காகப் படம் எடுத்துக்கொள்பவள். பாலித்தீன் உறைக்குள் துணியோடு வைக்கும் அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாளே, அந்த வேலை என்னுடையது. எனக்குத் தெரிந்த மாடல்களில் பெரும்பாலானோருக்குச் சோறு போடுவது இந்த அட்டையும் சேலைக் கேட்லாக்கும் உள்ளூர்க் கடை விளம்பரமும்தான்.

தீபாவளிச் சரக்குக்கான படப்பிடிப்பு ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடும். ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே ஹேங்கர்களில் நைட்டிகள் வரிசையாகத் தொங்கும். எல்லாம் பெரிய அளவில் தைத்தவை. என் உடம்புக்குப் பிடிப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துச் சுருட்டி, கழுத்திலிருந்து இடுப்புவரை கிளிப்புகளை மாட்டிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் எனக்கென்றே தைத்தது போலிருக்கும். பின்னால் இரும்பு கிளிப் முதுகெலும்பில் அழுத்திக்கொண்டேயிருக்கும். கழுத்து எம்பிராய்டரியைக் கை மறைக்கக் கூடாது, பார்டர் மடங்கக் கூடாது, சிரிப்பு குறையக் கூடாது. உடை மாற்றப் பல இடங்களில் தனி அறை கிடையாது; மூலையில் ஒரு திரை கட்டியிருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, அதுவும் தாழ்ப்பாள் சரியில்லாதது என்றால், அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவோம். சாயங்காலம் தலை சுற்றும். ஆனாலும் உழைப்பைக் குறையாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் அக்கா விசைத்தறிக் கூடத்தில் இதைவிட அதிக நேரம் நிற்கிறாள்.

என் குறை பணத்தையும் படத்தையும் பற்றியது. எங்களுக்கு வேலை பிடித்துத் தருகிறவர் ஏஜெண்ட். நிறுவனம் அவரிடம் எவ்வளவு கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தம் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். அதுவும் சரக்கு விற்றுப் பணம் வரட்டும் என்று தீபாவளி தாண்டி இழுக்கும். ரசீது கேட்டால் அடுத்த படப்பிடிப்புக்கு வேறு பெண் வந்துவிடுவாள்.

படத்தின் கதை இதைவிட மோசம். ஒரு நிறுவனத்துக்காக எடுத்த என் படத்தை, நான் பெயர்கூடக் கேள்விப்படாத வேறொரு நிறுவனத்தின் அட்டையில் ஈரோடு ஜவுளிச் சந்தையில் பார்த்தேன். முகம் என்னுடையது, நிற்கும் விதம் என்னுடையது, நைட்டியின் பூ மட்டும் மாறியிருந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன். "அன்றைக்கே காசு வாங்கியாயிற்றே, இன்னும் என்ன?" என்றார். சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் அவர் அப்படிப் பேசும் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். படத்தில் நிற்கும் பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடத்துக்கு, அட்டைக்கு மட்டுமா, ஃப்ளெக்ஸுக்கும் இணையத்துக்கும் சேர்த்தா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நடிகர் ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், அவருடைய பெயரையும் தோற்றத்தையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த உரிமை பிரபலமான நிலையை அடைந்தவர்களுக்கு உரியது என்றுதான் அதில் இருக்கிறது. பத்து மாவட்டக் கடைகளில் தொங்கினாலும் பெயர் தெரியாத முகம் எங்களுடையது. எங்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சாதாரண உடையில் நிற்கவைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் டிசைன்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவு மென்பொருளே அந்த உடம்பில் போட்டுவிடுகிறது. எங்களுக்கு ஒரு நாள் கூலி. அவர்களுக்குப் பல சீசன் சரக்கு. எதற்காக எடுக்கிறார்கள் என்பதைக்கூடப் புதிதாக வரும் பெண்களிடம் சொல்வதில்லை. பத்தொன்பது, இருபது வயதில் வந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மாடல்களுக்கென்றே இயற்றிய சட்டம் 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஏஜென்சி 20 சதவீதத்துக்கு மேல் கமிஷன் எடுக்க முடியாது. கணினியில் மாடலின் உருவத்தை உருவாக்கிப் பயன்படுத்துவதென்றால் தனியாக எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும்.

நம் தொழிலாளர் நலத்துறையும் ஈரோடு, திருப்பூர் ஜவுளி உற்பத்தியாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, தமிழில் இரண்டு பக்கத்துக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். படம் பயன்படும் காலம், பணம் தரும் தேதி, ஏஜெண்டின் கமிஷன், கணினிப் பயன்பாட்டுக்குத் தனிச் சம்மதம், உடை மாற்றத் தாழ்ப்பாள் போட்ட அறை ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி மாடலின் கையில் இருக்க வேண்டும்.

தங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு அப்படியொரு மாதிரியை வெளியிடுங்கள். வாய்ப்புத் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணமோ போர்ட்ஃபோலியோவுக்கென்று பணமோ முன்கூட்டிக் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துப் போடுங்கள். விவரம் தேவைப்பட்டால் என்னைப் போன்ற பெண்கள் சிலர் வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு
(தொழில் காரணமாகப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)