பிடி அரிசி: உப்பளத்தில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "மழை வேணும்னு ஊரே ஜெபம் பண்ணுது. மழை வந்தா என் அடுப்பு அணைஞ்சு போகுது. கர்த்தர் யார் ஜெபத்தைக் கேப்பாரு?" என்று கேட்டாய். சபையிலிருந்து கொண்டுவந்த அரிசிப் பையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மாதங்களில் உன்னைப் போலவே தவிக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கோபப்படாதே.

அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உழைத்துத்தான் நம்மை வளர்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பாத்தியை மிதித்துத் தயார் பண்ணுவதில் தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் கூலி உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் டிசம்பர் முடிகிறவரை தூத்துக்குடி அளங்களில் தண்ணீர்தான் நிற்கும். அந்த நாட்களிலும் கோயிலில் மழைக்காக ஸ்தோத்திரம் சொல்லும்போது அம்மா சத்தமாக ஆமென் சொல்வாள். "நமக்கு வேலை போகுதே, நீ ஏன் ஆமென் சொல்லுத?" என்று ஒருநாள் கேட்டேன். "உப்பை மட்டும் தின்னா வயிறு நிறையுமா? நெல்லு விளைய வேண்டாமா?" என்றாள். உன் முதல் கேள்விக்கு அம்மா சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

காலையில் வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ஐ எடுத்து வாசித்தேன். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்து வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலருக்குக் கர்த்தர் வானத்திலிருந்து தந்த ஆகாரம்தான் மன்னா. தலைக்கு ஓர் ஓமர். ஓமர் என்பது ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளுகிற அளவு. அது வெயில் ஏறினால் உருகிப்போகும். நம் உப்போ வெயில் ஏற ஏறத்தான் விளையும். உப்பை அம்பாரமாகக் குவித்து மூடி வைக்கலாம். ஆனால் அதை வாருகிறவனின் கூலியை அப்படிக் குவித்து வைக்க முடிந்ததா? அதனால்தான் வனாந்தரத்து ஜனங்களின் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. சிலர் நாளைக்கு என்று எடுத்து வைத்தார்கள், அது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பிரசங்கம் பண்ணுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிமை வீட்டிலிருந்து வந்தவர்கள், காலையில் இருக்குமோ இருக்காதோ என்று பயந்திருப்பார்கள். ஓய்வுநாளுக்கும் சேர்த்து ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னவரும் அதே கர்த்தர்தான். அது மட்டும் நாறவில்லை. ஆகவே சீசன் நாட்களில் கொஞ்சம் எடுத்து வைப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பாய். மனிதர்களிடம் பணம் கேட்காமல் ஜெபத்தை நம்பி நடத்தினார் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். வந்த காசுக்கெல்லாம் அவர் கணக்கு எழுதி, வருஷா வருஷம் அறிக்கையும் போட்டார். விசுவாசமும் கணக்கு நோட்டும் ஒரே மேஜையில்தான் இருந்தன.

சரி, அரிசிப் பைக்கு வருகிறேன். அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அம்மா உலை வைக்கும்முன் படியில் அரிசி அளப்பாளே, அதில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். கடன் வாங்கிய அரிசியிலிருந்தும் ஒரு பிடி போனதைப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் வெடித்த கை, பிடியை இறுக்கி மூட முடியாமல் நாலு அரிசிமணி கீழே சிந்தும். அதையும் பொறுக்கிப் போடுவாள். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் மழை நிற்கவே இல்லை, அப்பாவுக்குக் காய்ச்சல். ஒரு சாயங்காலம் கோயிலிலிருந்து ஒரு பை அரிசி வந்தது. பொங்கிச் சாப்பிட்டால் சில பருக்கை குழைந்திருந்தது, சில பருக்கை வேகாமல் பல்லில் கடிபட்டது. புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. "எத்தனை வீட்டு அரிசி பாரு" என்று அம்மா ஒரு வாய் எடுத்து உனக்கு ஊட்டினாள். அவள் முகத்தில் வெட்கம் இல்லை. அந்தச் சோற்றில் வளர்ந்த உடம்புதான் உன்னுடையது.

"என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று நீதிமொழிகள் 30-இல் ஆகூர் ஜெபிக்கிறான். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், படி போதும் என்கிறான். படியளக்கிறவர் என்று நாமும் வாய் நிறையச் சொல்கிறோம். படியைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே தம்பி. பஞ்ச நாட்களில் எலியா தீர்க்கதரிசிக்கு ஆகாரம் கொடுத்தது முதலில் காகம், அப்புறம் சாறிபாத் ஊரில் ஓர் ஏழை விதவை. அவள் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாதான். அது நிரம்பி வழிந்ததாக எழுதியில்லை, செலவழிந்து போகவில்லை என்றுதான் இருக்கிறது. அப்போஸ்தலன் பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்க்கும்போது, 2 கொரிந்தியர் 8-இல், இந்த மன்னா வசனத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்: "மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை." வானத்திலிருந்து விழுந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததும் அவருக்கு ஒரே கணக்கு.

நூறு ரூபாய் விதைத்தால் பத்தாயிரம் அறுக்கலாம் என்று சொல்லிக் கடன் வாங்கிக் காணிக்கை போட வைக்கிற கூட்டங்களுக்கு மட்டும் போகாதே. உன் கஷ்டத்தில் அவர்கள் விதைக்கிறார்கள். உப்பளத் தொழிலாளருக்கு 2022 முதல் அரசாங்கம் தருகிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயைப் போய் வாங்கு. பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்றுதானே கேட்கிறோம்? நீ கேட்டது உனக்கு மட்டும் அல்ல, ஊருக்கும் சேர்த்து. ஊர் கேட்டதில் உனக்கும் பங்கு உண்டு.

நீ திருப்பி அனுப்பிய பை இப்போது என் வீட்டில் இருக்கிறது. நம் சபைப் போதகர் ஐயர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொண்டு வருகிறேன். பிரித்துப் பார்த்தேன், புழுங்கலும் பச்சரிசியும் கலந்துதான் இருக்கிறது. கொஞ்சம் ஊறவைத்து உலையில் போடச் சொல்லி வீட்டில் சொல்லிவை.

அன்புடன்,
அக்கா