பசலியும் தாது வருஷமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் மறந்துபோன வரலாற்றைத் தேடி எழுதுவோரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவர்களுடைய பொறுமையை நிறையப் புகழ்கிறது. புகழட்டும். அந்த வேலையில் ஆள் வழுக்கி விழும் இடம் தேதி. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே!

பழைய வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டுதான், அதாவது நிலவரிக் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஆண்டுதான், இருக்கும். 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். 1855-க்குப் பிந்தைய ஆவணங்களில் பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. டிசம்பர் வரைதான் 590. ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். பசலி 1286 ஐப்பசி என்றால் 1876. அதே பசலியின் மாசி 1877. ஆனியும் மார்கழியும் வம்பு பிடித்த மாதங்கள். ஆனியில் பாதியிலேயே பசலி மாறிவிடும், மார்கழியில் ஆங்கில ஆண்டு மாறிவிடும். நாளையும் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும்.

அறுபது வருஷப் பெயர் இன்னும் ஆளை ஏமாற்றும். 'தாது' என்றால் 1816, 1876, 1936, 1996 என்று எதுவாகவும் இருக்கலாம். பஞ்சம் என்ற சொல் கூட வந்தால் 1876 என்று பிடித்துவிடலாம். ஆனால் ஊர் வாயில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நின்றுவிட்ட அது 1878 வரை நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் வெட்டப்பட்டது. தாது 1877 பங்குனியோடு முடிந்து, சித்திரையில் ஈசுவர பிறந்துவிட்டது. 'தாது வருஷத்தில் வெட்டிய கால்வாய்' என்று எழுதினால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

செய்தித்தாளை நம்பி எழுதுவோர் 'நேற்றிரவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22, செவ்வாய் இரவு. மறுநாள் தாளின் தலைப்புத் தேதியை அப்படியே எடுத்தால் 23 ஆகிவிடும். கிழமையோடு ஒத்துப் பார்த்தால் இந்தப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணைகளைக் காட்டுவோர் பெரும்பாலும் எண்ணை மட்டும் தருகிறார்கள். துறையும் தேதியும் இல்லாத எண்ணை வைத்து யாரும் எதையும் தேடி எடுக்க முடியாது; ஒரே எண் பல துறைகளில் இருக்கும்.

இனி இத்தகைய கட்டுரைகளின் அடியில் துறை, எண், தேதி மூன்றையும் அச்சிடுங்கள். பசலியையும் தமிழ் வருஷத்தையும் மூலத்தில் உள்ளபடியே விட்டு, ஆங்கில ஆண்டை அடைப்புக்குறியில் தாருங்கள். இரண்டு வரிதான் கூடும். பழைய கட்டடத்தின் படத்தை ஒரு விரற்கடை குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

— வாசகர், சென்னை - 8