பாக்கு மட்டைத் தட்டு செய்யும் இளைஞர்களுக்குக் கை கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு மாற்று எங்கள் சேலம் மாவட்டத்து ஆத்தூர், வாழப்பாடிப் பாக்குத் தோப்புகளில் தானாகவே விழுகிறது. பாக்கு மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார், ரசாயனமே வேண்டாம்.

இயந்திரம் வாங்க, புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. சரி, நல்லதுதான். ஆனால் மழையில் மட்டை பூஞ்சை பிடித்துவிடும். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மட்டையைக் காய்ந்த மாதங்களிலேயே வாங்கி அடுக்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கிய பிள்ளைகளிடம் அவ்வளவு பணம் ஏது? மட்டை வாங்கத் தனிக் கடனும், நனையாத பொதுக் கிடங்கும் கொடுங்கள். அப்புறம், கோயில் பிரசாதத் தொன்னைகளையும் அரசு விழாக்களுக்கான தட்டுகளையும் இவர்களிடமே வாங்க உத்தரவிடலாமே!

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாழப்பாடி