செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் படிக்க வேண்டியது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களை விட்டுவிட்டு வணக்கம் சொன்னால் சங்கத்தில் முக்கால்வாசிப் பேரை விட்டுவிட்டதாக ஆகும்.

சென்ற பொதுக்கூட்டத்துக்கு நாற்பது நாற்காலிகள் போட்டோம். பதினொரு பேர் வந்தோம். விதிப்படி அரை மணி நேரம் காத்திருந்து, இருப்பவர்களே போதும் என்று தொடங்கினோம். அதற்குள் வடை ஆறிவிட்டது. வராதவர்களில் மூவர் மறுநாள் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்காமல், வடை மீதம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பொங்கல் விழா நடந்தது. தைப்பூசத்தன்று மோர் வழங்கினோம். தீபாவளி விருந்து நடந்தது. அதற்கு மட்டும் நாற்காலி போதவில்லை. உறுப்பினர் ஒருவரின் தாயார் மறைவுக்கு மலர்வளையம் வைத்தோம். செயற்குழு ஏழு முறை கூடியது.

இனி, “சங்கப் பணத்தில் செயலாளர் பொம்மை வாங்கினார்” என்று காப்பிக்கடையில் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். பொம்மை என்று சொல்லப்பட்டது, லாரி ஓடும் நேரத்தைத் தானாகப் பதியும் மின்னணுக் கருவி. என் முன்னால் யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுத்தில் பதில் சொல்கிறேன்.

மார்ச் மாதம் ஓர் உறுப்பினரும் அவருடைய ஓட்டுநரும் மிகைநேரச் சம்பளத் தகராறோடு என்னிடம் வந்தார்கள். ஓட்டுநர் தன் பயணக் குறிப்புத் தாளை மேசையில் வைத்தார். ஏழு நாளும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. தினமும் சரியாக 12 மணிக்குச் சாப்பாடு, 1 மணிக்கு வண்டி. புதன், வியாழன், வெள்ளி வரிகளின் குறுக்கே தேநீர்க் குவளையின் வட்டக் கறை ஒன்று. மை அந்தக் கறையின் மேல் கசிந்து பரவியிருந்தது. குவளையை வைத்து எடுத்த பிறகுதான் மூன்று நாளும் எழுதப்பட்டிருக்கின்றன! உரிமையாளர் கொண்டுவந்த கணக்கும் அப்படியொன்றும் உத்தமமானதல்ல. ஓட்டுநர் கிடங்கு வாசலில் காத்துக் கிடந்த நேரத்தை அவர் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தார்.

நமது சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதியில், மாதம் 4,500 சிங்கப்பூர் வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் லாரி ஓட்டுநர்களும் அடங்குவார்கள். மிகைநேரம் உட்பட நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாதத்தில் மிகைநேரம் 72 மணியைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். இத்தனையும் தெளிவாகத்தான் இருக்கிறது. எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்பதுதான் நம்மிடம் தெளிவாக இல்லை.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் மின்னணுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். 2012-இல் சட்டம், 2015 டிசம்பரில் விதிமுறை, 2017 டிசம்பர் 18 முதல் நடைமுறை. அங்கே சரக்கு லாரி ஓட்டுநர் 14 மணி நேர வேலைக்குள் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவெளி விட வேண்டும். முன்பெல்லாம் காகிதத்தில் எழுதி வந்தார்கள். நம் நீல மைக் கதை அங்கேயும் உண்டு. இந்தக் கருவி எஞ்சினோடு நேரடியாகப் பேசுகிறது. மெக்கானிக் தன் கணினியைச் சொருகும் இடத்தில் இதைச் சொருகினால் போதும். எஞ்சின் எப்போது உயிர்த்தது, சக்கரம் எப்போது உருண்டது, எத்தனை தூரம், எந்த இடம் எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். ஓட்டுநர் விளக்கம் எழுதித் திருத்தலாம். பழைய பதிவு அழியாது. தானாகப் பதிவான ஓட்டிய நேரத்தை மட்டும் குறைக்கவே முடியாது.

சிங்கப்பூரில் இது கட்டாயமில்லை. “சாலைக் கட்டணத்துக்குப் புதுக் கருவி மாட்டியாகிவிட்டதே, இன்னொன்று எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். அது சாலைக் கட்டணத்துக்கு. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று அது நமக்குச் சொல்லப் போவதில்லை.

ஐந்து லாரிகளில் மூன்று மாதம் சோதித்தோம். யார் ஏமாற்றுகிறார் என்று பிடிக்கத்தான் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்டது வேறு. மேற்கே துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஓடும் ஒரு பிரைம் மூவரின் (கொள்கலன் இழுக்கும் லாரி) பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7:50-க்குக் கிடங்கு வாசல். 10:05-க்குத்தான் கொள்கலனை இறக்கினார்கள். இரண்டே கால் மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. குளிர்சாதனத்துக்காக எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். தப்பென்று அவரைத் திட்ட மனம் வரவில்லை. துவாஸ் வெயிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், டீசலும் நம்முடையது. மூன்று மாதப் பதிவைத் தொகுத்தபோது, நம் பணம் சாலையில் கரைவதைவிட வாசல்களில்தான் அதிகம் கரைகிறது என்று தெரிந்தது.

அந்தப் பதிவை அச்சிட்டு, காத்திருப்புக் கட்டணம் கேட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். முன்பு “உங்கள் ஓட்டுநர் தாமதமாக வந்தார்” என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்கள், இந்த முறை பேசாமல் கட்டினார்கள். ஒரு தடவைதான். ஆனாலும் அந்த ரசீதை நகலெடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன், விரும்புவோர் பார்க்கலாம்.

மார்ச் மாதத் தகராறும் இதே வழியில் முடிந்தது. ஐந்தில் ஒன்று அந்த லாரி. அதே ஓட்டங்களின் புதுப் பதிவைப் பழைய தாளோடு ஒப்பிட்டோம். ஓட்டுநர் ஓட்டிய நேரத்தைக் கூட்டி எழுதியிருந்தார், காத்திருந்த நேரத்தை எழுதவே இல்லை. இரண்டையும் சரி செய்தால், உரிமையாளர்தான் பாக்கி. அவர் கொடுத்துவிட்டார். அதன் பிறகு என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

இன்னும் சில பலன்கள்: மாலையில் யாருக்கு எத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலையைப் பிரிக்க முடிந்தது, களைத்தவரைக் கடைசி நேரத்தில் வடக்கே உட்லண்ட்ஸுக்கு அனுப்பவில்லை. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து எண்ணெய் மாற்றினோம். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால், நின்றுகொண்டே ஓடிய எஞ்சின் இளமையாகத் தெரியும்.

ஓட்டுநர்கள் தரப்பையும் எழுத வேண்டும். “நாங்கள் என்ன திருடர்களா அண்ணே?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்க விதியில் உரிமையாளர் இந்தக் கருவியை வைத்து ஓட்டுநரைத் தொல்லை செய்யக் கூடாது என்று இருக்கிறது. சொந்த வேலைக்கு வண்டியை எடுத்தால், இருக்கும் இடத்தைச் சுமார் 10 மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் மங்கலாகத்தான் காட்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் தீவின் பெரும் பகுதி அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்! அதனால் வேலை முடிந்த பிறகு இடத்தை உரிமையாளருக்குக் காட்டவே கூடாது என்று நாமே விதி வகுத்தோம். அதற்கு ஓட்டுநர்கள் கையெழுத்திட்டார்கள். உரிமையாளர் ஒருவர்தான் கையெழுத்திட மறுத்து, கருவியைப் பிடுங்கி என் மேசையில் வைத்தார். பிடுங்கிய நேரத்தையும் அது பதிந்திருந்தது: இரவு 9:42.

பெருமை மட்டும் பேசினால் அறிக்கை ஆகாது. அமெரிக்காவில் விதி வந்த பின் நடந்த ஆய்வொன்றில், நேர மீறல் குறைந்தாலும் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்கள் நேரத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டினார்கள். நேரத்தை இறுக்கிவிட்டுக் காத்திருப்பைக் குறைக்காவிட்டால் இப்படித்தான் நடக்கும். 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இங்கே ஏற்கெனவே வேகக் கட்டுப்படுத்தி உண்டு. 3,500 கிலோவைத் தாண்டியவற்றுக்கும் கட்டம் கட்டமாக வருகிறது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஆகவே நேரத்தை வேகத்தில் மீட்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். கிடங்கு வாசலில்தான் மீட்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, கையிருப்பு கவலைப்படும் அளவுக்கு இல்லை, மகிழும் அளவுக்கும் இல்லை. கருவிகளில் மூன்றுக்குச் சங்கம் பணம் கொடுத்தது, இரண்டுக்கு நான் கொடுத்தேன். காப்பிக்கடையில் இந்தப் பின்பாதி பேசப்படவில்லை.

சந்தா பாக்கிப் பட்டியல் ஒன்றரைப் பக்கம். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. அதில் நான்கு பேர் சென்ற ஆண்டு புது லாரி எடுத்தார்கள், அதற்குப் பூசை போட்டு எல்லாருக்கும் பிரியாணி கொடுத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்த உணவக உரிமையாளருக்கும், மோர் கலக்கிய மகளிருக்கும் நன்றி. வண்டியை நம்பிக் கொடுத்த ஓட்டுநர்கள் ஐவருக்கும் தனி நன்றி.

வரும் ஆண்டில் இருபது லாரிகளுக்கு இதை விரிவாக்க விரும்புகிறேன். மாதச் சேவைக் கட்டணம் உண்டு. சங்கம் தனியாகச் சுமக்க முடியாது. கண் மங்குகிறது, இரவில் பதிவுகளைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது. இளைஞர் ஒருவர் துணைச் செயலாளராக வந்தால் கற்றுக்கொடுக்கிறேன். வராவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன், வேறு வழி? இரவு 9:42-க்குப் பிடுங்கிய கருவி என் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. வேண்டுபவர் சந்தா ரசீதோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்